கூலிக்காக வாதாடிய பந்தாட்ட வீரர்



உதைபந்தாட்டம் பார்க்கச் சென்றிருந்தால் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். கோல் அடித்தவரைச் சனங்கள் தோளில் தூக்கிக் கொண்டாடுவார்கள். கோட்டோரமாக ஓடி, எதிரணியினரைத் தாண்டி, பந்தை அளந்து கொடுத்தவரை அந்த ஆரவாரத்தில் பலரும் மறந்துவிடுவார்கள். அப்படி வலது கரையில் ஓடிய ஒருவரைக் காண்பதற்காகவே முப்பது ஆண்டுகளாக இங்கிலாந்தின் மைதானங்கள் நிறைந்தன. அவர்தான் பில்லி மெரெடித். அவருடைய திறமையை மட்டும் சொல்லிவிட்டுத் தவற்றை மறைத்தால் அது அவருடைய வரலாறு ஆகாது. இரண்டையும் கேளுங்கள்.

சுரங்கத்தில் தொடங்கிய வாழ்வு

1874ஆம் ஆண்டு யூலை 30ஆந் திகதி, வேல்ஸ் நாட்டின் வட பகுதியில், சேர்க் என்னும் சிற்றூருக்கு அண்மையில் மெரெடித் பிறந்தார். நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்த ஊர் அது. மெதடிஸ்த சபையைச் சேர்ந்த, கட்டுப்பாடு மிகுந்த குடும்பம். பன்னிரண்டு வயதில் அவரும் சுரங்கத்துள் இறங்கினார். கரி வண்டிகளை இழுக்கும் மட்டக்குதிரைகளை ஓட்டுவதே அவருக்குக் கிடைத்த முதல் வேலை. வெளிச்சம் காணாத அந்த வேலை முடிந்ததும், வெளியே வந்து பந்து உதைப்பார்.

1894ஆம் ஆண்டில், புதிதாக உருவாகியிருந்த மான்செஸ்ரர் சிற்றிக் கழகத்தார் அவரைத் தேடி வந்தனர். தாயாருக்கு அது பிடிக்கவில்லை. விளையாடிப் பிழைப்பதை ஒரு தொழிலாக அவர் எண்ணவில்லை. மகனும் உடனே சுரங்கத்தை விட்டுவிடவில்லை. கிழமை நாட்களில் சுரங்கத்தில் உழைத்து, சனிக்கிழமைகளில் புகையிரதமேறிச் சென்று விளையாடினார். ஏறத்தாழ ஓராண்டு காலம் இப்படியே சென்றது.

நெடிய மெலிந்த உடல், சற்று வளைந்த கால்கள், வாயில் எப்போதும் ஒரு பற்குச்சி. கேலிச்சித்திரக்காரர்களுக்கு அந்தப் பற்குச்சி பெரும் விருந்தாயிற்று. ஆட்டத்தில் மனத்தை ஒருமுகப்படுத்த அது தமக்கு உதவுவதாக அவர் கருதினார். 1904ஆம் ஆண்டு ஏப்பிரல் 23ஆந் திகதி, இலண்டன் கிறிஸ்ரல் பலஸ் மைதானத்தில், அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில் எவ்.ஏ. கிண்ண இறுதியாட்டம் நடைபெற்றது. போல்ரன் வொண்டரேர்ஸ் கழகத்தைச் சிற்றி வென்றது. அன்று விழுந்த ஒரே கோலை அடித்தவர், அணித் தலைவர் மெரெடித்தே.

வீழ்ச்சி

இவ்வளவு கூட்டம் திரண்டும், வீரருக்குக் கிடைத்தது என்ன? 1901ஆம் ஆண்டு முதல், எந்த வீரருக்கும் வாரத்துக்கு நான்கு பவுணுக்கு மேல் கொடுக்கக்கூடாது என்ற விதி நடைமுறையில் இருந்தது. அக்காலத் தொழிலாளியின் கூலியோடு ஒப்பிட்டால் அது குறைந்த தொகை அன்று. ஆனால் பந்தாட்டக்காரரின் தொழிற்காலம் குறுகியது. ஒரு முறிவோடு அது முடிந்தும் போகலாம். வாயிலில் திரளும் காசுக்கோ இத்தகைய வரம்பு எதுவும் இருக்கவில்லை. ஆதலால் சில கழகங்கள் மறைவில் கூடுதலாகக் கொடுத்தன. சிற்றியும் கொடுத்தது. மறைவில் தொடங்கிய காரியம் மறைவான வேறு காரியங்களுக்கும் வழி திறந்தது.

1905ஆம் ஆண்டு பருவத்தின் கடைசி ஆட்டத்தில், அஸ்ரன் வில்லாக் கழகத் தலைவர் அலெக் லீக்குக்குப் பத்துப் பவுண் இலஞ்சம் தர முயன்றதாக மெரெடித் மீது குற்றம் சுமத்தப்பட்டது. முதலில் அவர் மறுத்தார். உதைபந்தாட்டச் சங்கம் அவரை இடைநிறுத்தியது. சம்பளம் நின்றது, கழகமும் கைகொடுக்கவில்லை. அப்போது அவர் வாய் திறந்தார். பணம் தர முன்வந்தது உண்மை என்றும், அது முகாமையாளர் ரொம் மேலியின் சொற்படி நடந்தது என்றும் கூறினார். கழகம் மறைவாகக் கொடுத்து வந்த பணமும் வெளிச்சத்துக்கு வந்தது. 1906இல் பதினேழு வீரர்கள் தண்டம் விதிக்கப்பட்டு, அவ்வாண்டு முடியும்வரை விலக்கப்பட்டனர். மேலியும் விலக்கப்பட்டார்.

அவர் உண்மையைச் சொன்னது மனந்திரும்பியதாலா, கைவிடப்பட்ட கோபத்தாலா? கோபமும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கோபம் பழிவாங்குவதோடு நின்றுவிடவில்லை.

சங்கம் பிறந்தது

1907ஆம் ஆண்டின் முதல் நாளிலே மான்செஸ்ரர் யுனைற்றெட் சட்டையில் மெரெடித் மீண்டும் களமிறங்கினார். அவ்வாண்டு ஏப்பிரலில் அக்கழகத்தின் இளம் வீரர் தோமஸ் பிளாக்ஸ்ரொக், ஓர் ஆட்டத்தில் பந்தைத் தலையால் அடித்தபின் சரிந்து வீழ்ந்து இறந்தார். வீரர் இறந்தாலும், கால் முறிந்தாலும் அவர் குடும்பத்துக்கு ஆதரவு ஏது என்ற கேள்வி பலர் நெஞ்சிலும் எழுந்தது. டிசெம்பர் 2ஆந் திகதி, மான்செஸ்ரர் இம்பீரியல் விடுதியில் வீரர்கள் ஒன்றுகூடித் தங்கள் தொழிற்சங்கத்தை அமைத்தனர். அக்கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் மெரெடித்.

1909இல், சங்கத்தை விட்டு விலகாதவர் விளையாட முடியாது என உதைபந்தாட்டச் சங்கம் கட்டளையிட்டது. நாடெங்கும் பலர் விலகினர். அவ்வாண்டு எவ்.ஏ. கிண்ணத்தை வென்றிருந்த யுனைற்றெட் வீரர்களோ விலக மறுத்தனர். சம்பளமின்றித் தாமாகவே பயிற்சி செய்து, தங்களை விலக்கப்பட்டோர் அணி என்று வேடிக்கையாக அழைத்துக்கொண்டனர். புதிய பருவம் தொடங்கும் தறுவாயில் சமரசம் உண்டாயிற்று. வீரர் சங்கம் அங்கீகாரம் பெற்றது. சம்பள வரம்போ அசையவில்லை.

முதுமையும் முடிவும்

யுனைற்றெட்டோடு 1908இலும் 1911இலும் லீக் வெற்றியைக் கண்டார் மெரெடித். தாய்நாடான வேல்ஸுக்காக 48 முறை ஆடினார். 1920இல், நாற்பத்தைந்து வயதில், இங்கிலாந்தை இங்கிலாந்து மண்ணிலேயே வென்ற அணியிலும் அவர் இருந்தார். அதுவே அவருடைய கடைசிச் சர்வதேச ஆட்டம். 1921இல் பழைய சிற்றிக்குத் திரும்பி, 1924இல் நாற்பத்தொன்பது வயதில் எவ்.ஏ. கிண்ண அரையிறுதியில் ஆடி ஓய்ந்தார்.

பின்னர் மான்செஸ்ரரில் மதுச்சாலை நடத்தி வாழ்ந்த அவர், 1958ஆம் ஆண்டு ஏப்பிரல் 19ஆந் திகதி, எண்பத்துமூன்றாவது வயதில் காலமானார். அவர் எதிர்த்த சம்பள வரம்பு 1961இல் நீங்கியது. அதைக் காண அவர் இருக்கவில்லை. அவருடைய கல்லறையில் நெடுங்காலம் பெயர்கூட இருக்கவில்லை. 2001இல், அவர் தொடங்கி வைத்த சங்கத்தின் வழிவந்த வீரர் சங்கமும், இரு மான்செஸ்ரர் கழகங்களும், வேல்ஸ் உதைபந்தாட்டச் சங்கமும் சேர்ந்து அங்கே கல் நாட்டின.

வாசகர்களே, இலஞ்சம் கொடுக்க முன்வந்த கையும், சக வீரரின் கூலிக்காக உயர்ந்த கையும் ஒரே மனிதருடையவை. முதலாவதைக் காரணம் காட்டி இரண்டாவதை மறுப்பதும் நீதியன்று. இரண்டாவதைக் காரணம் காட்டி முதலாவதை மூடுவதும் நீதியன்று. இன்று இலட்சக்கணக்கில் சம்பளம் பெறும் ஒரு வீரர் கோட்டோரமாக ஓடுவதை உங்கள் பிள்ளைகள் பார்த்து மகிழும்போது, சனிக்கிழமைகளில் சுரங்கத்திலிருந்து புகையிரதமேறி வந்த அந்தப் பையனைப் பற்றியும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.