கொழும்பிலே கப்பலேறிய தமிழர்

புதுவையில் பாரதியார் வாழ்ந்த காலத்தைப் பாடமாகச் சொல்லுங்கால், ‘இந்தியா’ பத்திரிகையை நடத்திய மண்டயம் குடும்பத்தாரின் பெயரை மட்டும் கூறி அப்பாற் செல்வது ஆசிரியர்களாகிய எங்கள் வழக்கம். அண்மையில், எங்கள் புத்தளக் கரையோரத்து மாணவனொருவன், அக்குடும்பத்தாருள் கடல் கடந்து சென்றவர் எவரேனும் உளரோ என்று வினவினான். அவனுக்கு விடையாக நான் கூறியது எம். பி. டி. ஆசாரியாவின் வரலாறு.

மண்டயம் பார்த்தசாரதி திருமலாசாரியா 1887இல் சென்னையிலே வைணவக் குடும்பமொன்றிற் பிறந்தவர். ‘இந்தியா’வின் உரிமையாளரான எஸ். என். திருமலாச்சாரியார் வேறு, இவர் வேறு. பெயரொற்றுமையால் இருவரையும் ஒருவராகக் கொண்டு மயங்குவோர் உளர். மாணவர்கள் இவ்விடத்தில் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

1908இல் அரசாங்கத்தின் அடக்குமுறைக்குத் தப்பிப் பத்திரிகை புதுவைக்குப் பெயர்ந்தது. அப்பணியிற் பங்குகொண்ட ஆசாரியா, அங்கும் தமக்குப் பாதுகாப்பில்லை எனக் கண்டு, அவ்வாண்டின் இறுதியிற் கொழும்புக்கு வந்து மார்செயில்ஸ் நோக்கிக் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. மீண்டும் இந்திய மண்ணை மிதிக்க அவருக்கு இருபத்தாறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

இலண்டனில் இந்தியா விடுதியைச் சேர்ந்தார். ஸ்பானியரை எதிர்த்த மொரொக்கோ மக்களோடு நின்று போர்ப்பயிற்சி பெறலாமென்று 1909இற் புறப்பட்டு, எண்ணம் கைகூடாது திரும்பினார். பாரிஸ், பெர்லின், கொன்ஸ்டான்டிநோபிள், நியூயோர்க் என அவர் அலைந்த ஊர்கள் பல. 1917இல் ஸ்டொக்ஹோமில், சரோஜினி நாயுடுவின் தம்பியார் வீரேந்திரநாத் சட்டோபாத்யாயாவுடன் கூடி, ஐரோப்பியச் சோசலிஸ்டுகளிடம் இந்திய விடுதலைக்காக வாதாடினார்.

1919இல் மகேந்திர பிரதாப்பின் குழுவினருடன் லெனினைச் சந்தித்தார். மறு ஆண்டு ஒக்டோபரில் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கப்பட்டபோது, அதனை நிறுவிய எழுவருள் இவரும் ஒருவர். தலைமைப் பொறுப்பும் இவருடையதாயிற்று. ஆயினும் எம். என். ராயுடன் இவருக்கு ஒத்துப்போகவில்லை. சில திங்களுள்ளே அப்பொறுப்பு இவரைவிட்டு நீங்கியது. வெள்ளையர் ஆட்சியை வெறுத்தவர், கட்சியின் ஆட்சியையும் ஏற்க மறுத்தார். அரசே வேண்டாமென்னும் அராஜகக் கொள்கையைத் தழுவினார். இவரை நிலையற்றவர் என்று சிலர் கருதக்கூடும். எனக்கு அது உடன்பாடன்று. அவர் மாற்றியது கூட்டாளிகளை. அதிகாரத்துக்குத் தலைவணங்காமையை அவர் மாற்றவே இல்லை. அக்கொள்கை நடைமுறைக்கு ஏற்குமா என்பது வேறு வினா. அதில் எனக்கும் ஐயமுண்டு.

மொஸ்கோவில் மக்டா நாக்மன் என்னும் ரஷ்ய ஓவியரை மணந்தார். பெரும் ஓவியரான லெயோன் பாக்ஸ்டிடம் பயின்றவர் அவ்வம்மையார். 1922இல் இருவரும் பெர்லினுக்குப் பெயர்ந்தனர். அங்கு வறுமையோடு வாழ்ந்தபடியே பல நாட்டு அராஜகவாத இதழ்களுக்கு ஆசாரியா எழுதிவந்தார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் இந்தியரான கணவருக்கும், யூத மரபில் வந்த மனைவிக்கும் அந்நகரம் ஆகாத இடமாயிற்று.

1935இல் ஆசாரியா பம்பாய் வந்து சேர்ந்தார். பிறந்த சென்னையில் அன்றிப் பம்பாயிலேயே எஞ்சிய நாளெல்லாம் கழித்தார். நாடு 1947இல் விடுதலை பெற்றது. புதிய அரசிலும் அவர் எப்பதவியையும் நாடவில்லை. மனைவியின் தூரிகையே குடும்பத்தைப் பெரிதும் தாங்கியது. 1951 பெப்ரவரியில், தம் ஓவியக் கண்காட்சி திறக்கப்படுவதற்குச் சில மணி நேரத்துக்கு முன்னர் அவ்வம்மையார் உயிர்நீத்தார். ஆசாரியா மூன்றாண்டு தனித்திருந்து, வறுமையிலும் நோயிலும் வாடி, 1954 மார்ச்சு 20ஆம் நாள் காலமானார். அவர் எழுதிய கட்டுரைகள் ஆங்கிலத்தில் நூலாகத் திரண்டு வெளிவந்தது 2019இலேதான்.