கன்னங்கராவும் நமது கூரையும்

பாடப்புத்தகத்தில் ஒரு படமும் ஒரு பத்தியுமாக நாம் மனப்பாடம் செய்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா, 1884 ஒக்டோபர் 13ஆம் திகதி அம்பலாங்கொடைக்கு அருகே ரந்தொம்பை என்னும் ஊரில் பிறந்தவர். அது தெற்கே கடலோரக் கிராமம். தேயிலைக்கும் அதற்கும் வெகுதூரம். ஆனாலும் நமது சங்கத்தின் நூற்றாண்டு மலரில் அவரைப் பற்றி எழுத விரும்பினோம். பாடசாலையின் கூரையையும் மலசலகூடங்களையும் யார் செலவில் திருத்துவது என்று வட்டகொடையில் இப்போது நடக்கும் வாதத்தை, அவர் நாடு முழுவதற்குமாக நடத்தினார். அதில் பாதிதான் வென்றார்.

அம்பலாங்கொடை வெஸ்லியன் பாடசாலையில் படித்த சிறுவனை, பரிசளிப்பு விழாவுக்கு வந்த காலி றிச்மண்ட் கல்லூரி அதிபர் ஜேம்ஸ் ஹோர்ன் டாரல் பாதிரியார் கவனித்தார். பையன் அள்ளிக்கொண்டு போன பரிசுகளைப் பார்த்து, அவற்றை வீட்டுக்கு எடுத்துச் செல்ல வண்டி தேவைப்படும் என்று வேடிக்கையாகச் சொன்னாராம். றிச்மண்டில் இலவசமாகப் படிக்க இடமும் கிடைத்தது. அந்த ஒரு மனிதரின் கண்ணில் பட்டிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி கன்னங்கராவை ஆயுள் முழுவதும் விடவில்லை என்றே நாங்கள் நினைக்கிறோம். டாரல் 1906இல் இறந்தார். நெருப்புக் காய்ச்சலில் கிடந்த மாணவர்களைப் பராமரித்தபோது அதே நோய் அவரையும் பற்றிக்கொண்டது. தண்ணீரும் கழிவும் கலக்கும் இடத்தில் பரவும் நோய் அது. வைத்தியத் தொழிலில் இருக்கும் எங்களுக்கு இந்த வரியைக் கடந்து போவது சுலபமாக இல்லை.

ஆசிரியராகவும் பின்னர் 1910 முதல் காலியில் சட்டத்தரணியாகவும் இருந்தார். 1915 கலவரத்தில் கைதானவர்களுக்காக வழக்காடினார். 1923இல் சட்டசபைக்குச் சென்றார். 1931இல் எல்லாருக்கும் வாக்குரிமை வந்து அரசாங்க சபை கூடியபோது கல்வி மந்திரியானார். பதினாறு ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார்.

அவருடைய தலைமையில் அமைந்த விசேட கல்விக் குழுவின் அறிக்கை 1943இல் வெளியாயிற்று. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணம் கூடாது என்பதே அதன் உயிர்நாடி. 1944 மே மாதம் அது சபைக்கு வந்தது. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். இவ்வளவு பணத்துக்கு எங்கே போவது என்று கேட்டவர்கள் பலர். தங்கள் பாடசாலைகள் கைவிட்டுப் போகுமென்று பயந்த சமய அமைப்புகளும் எதிர்த்தன. வாதம் மாதக்கணக்கில் நீண்டது. கடைசியில் 1945 ஒக்டோபர் முதலாம் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. எங்களில் வைத்தியரானவர்கள் மருத்துவ பீடத்தில் ஒரு சதமும் கட்டணம் கட்டாமல் படித்தது அந்தத் திகதியின் பலன்.

ஆனால் நம் பாட்டிமார் படித்த தோட்டப் பாடசாலைகளின் கதை வேறு. அங்கே கட்டணம் ஒரு தடையே அல்ல. கட்டடம்தான் தடை. லயத்தின் ஒரு மூலையிலோ ஒரு தகரக் கொட்டகையிலோ ஒரே ஆசிரியர் எல்லா வகுப்புகளையும் வைத்துப் பார்த்தார். மேற்பார்வை தோட்டத்துரையின் கையில். நான்கைந்து வகுப்போடு படிப்பு முடிந்து, பிள்ளை கூடையைத் தூக்கியது. கன்னங்கராவின் 1947ஆம் ஆண்டுக் கல்வித் திருத்தச் சட்டம் இதில் கை வைத்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் ஏற்க வேண்டும், அதற்கான கட்டடமும் தலைமை ஆசிரியருக்கு வீடும் நிலமும் தோட்ட நிர்வாகம் தர வேண்டும் என்றது. யார் செலவழிப்பது என்பதற்குச் சட்டத்தில் தெளிவான விடை இருந்தது.

அதே ஆண்டு நடந்த தேர்தலில் கன்னங்கரா மத்துகமையில் தோற்றார். அதே தேர்தலில்தான் நமது வட்டகொடை மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தலவாக்கலைக்கு உறுப்பினரானார். சட்டத்தைக் கொண்டுவந்தவர் வெளியே, அது யாருக்குத் தேவையோ அவர்களின் பிள்ளை உள்ளே. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து நம் மக்களின் வாக்கையும் கொண்டுபோயிற்று. வாக்கில்லாதவனின் பிள்ளைக்குக் கூரை போட எந்தத் துரைக்கு அவசரம்? ஏற்கப்பட்ட பாடசாலைகள் வெகு சில. 1952இல் கன்னங்கரா மறுபடி பாராளுமன்றம் சென்று உள்ளூராட்சி மந்திரியானார். நம் வாக்கைப் பறித்த கட்சியின் அமைச்சரவை அது. அவரைப் போற்றும்போது இதையும் மறைக்க நாங்கள் விரும்பவில்லை.

1969 செப்டம்பர் 23ஆம் திகதி காலமானார். பெருஞ்சொத்து எதுவும் சேர்த்து வைக்கவில்லை. தோட்டங்கள் அரசுடைமையான பிறகு, எழுபதுகளின் பிற்பகுதியில்தான் தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. சட்டம் போட்டு முப்பது ஆண்டுகள். எண்பதுகளில் சுவீடன் நாட்டு உதவி வந்த பிறகே பல இடங்களில் சுவர் என்று சொல்லத்தக்க சுவர் எழுந்தது.

இனி நம் கூரை. அரசாங்கப் பாடசாலையை அரசாங்கமே திருத்தட்டும் என்று ஒரு சாராரும், வெளிநாட்டில் இருக்கும் அக்காமார் ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் ஒரு விடுமுறையில் வேலை முடிந்துவிடும் என்று மற்றவர்களும் சொல்கிறார்கள். நாம் கொடுத்துவிட்டால் திணைக்களம் நிம்மதியாக மறந்துவிடும் என்ற பயம் நியாயமானதே. முப்பது ஆண்டு மறதியைப் பார்த்த மக்கள் நாம். ஆனால் மலசலகூடத்துக்குப் போகப் பயந்து காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து, சிறுநீர்த் தொற்றோடு எங்களிடம் வரும் பெண்பிள்ளைகளுக்கு அந்த வாதம் முடியும்வரை காத்திருக்க முடியாது. ஆகவே மலசலகூடமும் தண்ணீரும் இந்த ஆண்டே நம் பணத்தில் நடக்கட்டும். கூரைக்கும் ஆய்வுகூடத்துக்கும் மாகாணக் கல்வித் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்போம். பதில் வரும்வரை மாதந்தோறும் கேட்போம். இரண்டையும் ஒரே கூட்டத்தில் தீர்மானிக்க வேண்டும் என்பது எங்கள் கட்சி. வர முடியாத அக்காமாரும் தங்கைமாரும் தங்கள் எண்ணத்தைச் செயலாளருக்கு எழுதி அனுப்பலாம்.