பழி சுமந்த பறவைகள்

கொள்ளிடக் கரையில் மேயும் மாடுகளின் பின்னே வெள்ளைக் கொக்குகள் நடைபோடும் காட்சி, திருவரங்கத்தில் வளர்ந்த எனக்குப் பழகிய ஒன்று. அதனை உண்ணிக்கொக்கு என்பார்கள். மாட்டின் மேல் அப்பியிருக்கும் உண்ணியைப் பொறுக்குவதால் வந்த பெயர் என்பார் என் பாட்டனார். பறவை உண்ணிக்குப் பகை என்றே நான் எண்ணியிருந்தேன். அந்தப் பறவை இனமே உண்ணியைச் சுமந்து வந்து கொள்ளைநோய் பரப்புவதாக ஒரு காலத்தில் ஐயம் எழுந்தது. அதை விசாரிக்க முன்வந்தவரோ பறவைகளை உயிரென நேசித்தவர். அவர்தாம் பறவையியல் அறிஞர் சலீம் அலி.

1896 நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் பிறந்த அவர், நான்கு வயதாகும் முன்பே பெற்றோரை இழந்து மாமன் வீட்டில் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியை வீழ்த்தினார். அதன் கழுத்தில் மஞ்சள் நிறம் கண்டு, அது என்ன பறவையென்று அறியப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். அங்கே செயலாளர் மில்லார்டு காட்டிய பாடம் செய்த பறவைகள் அவர் வாழ்வையே திருப்பிவிட்டன. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் வேலை கிட்டாமல் அலைந்தார். 1929இல் பெர்லின் சென்று ஸ்ட்ரெஸ்மன் என்னும் அறிஞரிடம் பயின்றார். திரும்பியபின் கிஹிம் என்ற கடலோரச் சிற்றூரில் தங்கித் தூக்கணாங்குருவியின் வாழ்க்கையை ஆராய்ந்தார். 1941இல் வெளிவந்த அவருடைய இந்தியப் பறவைகள் நூல் அவர் புகழை நாடெங்கும் பரப்பியது.

1957இல் மைசூர் மாநிலத்துச் சிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டில் குரங்குகள் மடிந்து விழுந்தன. அருகிலிருந்த கிராம மக்களைக் கடுங்காய்ச்சல் பற்றியது. சிலருக்கு இரத்தம் கசிந்தது. புனே வைரஸ் ஆய்வு மையத்தார் ஆராய்ந்து, அது ஒரு புதிய வைரஸ் என்றும், காட்டு உண்ணியின் கடியால் பரவுவது என்றும் கண்டனர். அதன் நெருங்கிய உறவான வைரஸ் ருஷ்யக் காடுகளில் இருந்தது. குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து நம் நாட்டிற்கு வலசை வரும் பறவைகள் உண்ணியோடு நோயையும் சுமந்து வந்தனவோ என்ற கேள்வி பிறந்தது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவியோடு 1959இல் பறவைகளுக்கு வளையமிடும் பணியைச் சலீம் அலி தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 62. முக்கொம்பில் பிரியும் நம் காவிரி வளர்த்த டெல்டாவின் தென்கோடியான கோடியக்கரையும் அப்பணியின் களமாயிற்று. மெல்லிய வலையில் பறவையைப் பிடிப்பர். உடலைத் துழாவி உண்ணிகளை எடுப்பர். காலில் எண் பொறித்த வளையமிட்டுப் பறக்க விடுவர். பறவைகளின் மேல் பழி வந்தபோது அவர் வாயால் வாதாடவில்லை. சான்றே பேசட்டும் என விட்டார்.

ஆனால் பழி அவர் மீதே திரும்பியது. வெளிநாட்டுப் பணத்தில் நடக்கும் பறவை ஆய்வு கிருமிப் போருக்கு உதவுவதோ என்ற ஐயம் பத்திரிகைகளில் எழுந்து, 1970களில் நாடாளுமன்றக் குழு வரை சென்றது. அவர் அதை மறுத்தார், பணியை நிறுத்தவில்லை.

முடிவு என்ன? வலசைப் பறவைகள்தாம் இந்நோயைக் கொண்டுவந்தன என்பதற்குச் சான்று கிட்டவில்லை. காட்டை வெட்டி விளைநிலமாக்கி, காட்டோரத்தில் மாடுகளை மேயவிட்டதால் உண்ணி பெருகியது என்று 1969இல் போஷெல் என்ற ஆய்வாளர் விளக்கினார். வளர்ந்த உண்ணிக்கு மாட்டின் இரத்தம் விருந்து. அதன் இளம்பருவம் குரங்கையும் மனிதரையும் கடிக்கிறது. நோய் தொற்றியோரில் நூற்றுக்கு மூவர் முதல் ஐவர் வரை உயிரிழக்கின்றனர். பின்னாளில் நம் நீலகிரிக் குரங்குகளிடமும் இந்நோய் காணப்பட்டது. நாம் எங்கோ சைபீரியாவில் தேடிய குற்றவாளியின் சுவடு நம் கோடரியிலும் கொட்டிலிலும் இருந்தது!

சலீம் அலி 1987இல், 90 வயதில் மறைந்தார். தமக்குப் பிரியமானதையும் ஆய்வுக்கு உட்படுத்தும் நெஞ்சுரமே அவரிடம் நான் கற்ற பாடம். நண்பர்களே, அடுத்த முறை கொள்ளிடக் கரையில் உண்ணிக்கொக்கைக் காணும்போது அந்த மனிதரையும் ஒரு கணம் நினையுங்கள்.