ரஸாயனப் பேராசிரியர் டி. ஆர். சேஷாத்ரி

காவேரி தீரத்திற் பிறந்து, கல்வியொன்றையே துணையாகக் கொண்டு உலகப் புகழ் எய்திய பெரியார் பலர். அவர்களுள் 1888-ம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியிற் பிறந்த ஸர் சி. வி. ராமனை அறியாதார் இலர். அதே ஜில்லாவிற் பிறந்த பேராசிரியர் சேஷாத்ரியின் சரித்திரமோ நம் இல்லங்களில் அத்துணை பேசப்படுவதில்லை. அக்குறையை ஒருவாறு நீக்கும் பொருட்டு அன்னாரது வரலாற்றை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

திருவேங்கட ராஜேந்திர சேஷாத்ரி 1900-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 3-ந் தேதி குளித்தலையில் ஜனித்தார். தந்தையார் பாடசாலை உபாத்தியாயர். புதல்வர் ஐவரில் இவர் மூன்றாமவர். ஸ்ரீரங்கத்திலும் திருச்சிராப்பள்ளியிலும் பள்ளிப் படிப்பை முடித்துச் சென்னை இராஜதானிக் கல்லூரியிற் சேர்ந்தார். அப்படிப்பு நடைபெறப் பொருளுதவி செய்தது ராமகிருஷ்ண மிஷன். பட்டம் பெற்றதும் உத்தியோகம் தேடி ஓடாமல், ஓராண்டுக் காலம் அந்த மிஷனிலேயே ஊழியம் புரிந்தார். பின்னரே கல்லூரிக்குத் திரும்பி, பேராசிரியர் பி. பி. டேயின் கீழ் ஆராய்ச்சியில் இறங்கினார்.

1927-ல் மான்செஸ்டர் சென்று, பிற்காலத்தில் நோபெல் பரிசு பெற்ற ராபர்ட் ராபின்ஸனிடம் மலேரியா ஜுரத்திற்கான மருந்துப் பொருள்களையும் பிறவற்றையும் ஆராய்ந்து, 1929-ல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்துப் பிரெகலின் ஆய்வுக்கூடத்தில், சில மில்லிகிராம் பொருளைக் கொண்டே அதன் மூலகங்களைக் கணக்கிடும் நுண்பகுப்பு முறையைப் பயின்றார். இவ்வித்தை பின்னாளில் அவருக்குப் பெருந்துணையாயிற்று.

1933-ல் வால்டேரில் ஆந்திர ஸர்வகலாசாலையின் ரஸாயனப் பகுதியை ஏற்றார். விலையுயர்ந்த கருவிகளுக்காக அவர் காத்திருக்கவில்லை. பருத்திப் பூ, பூவரசம் பூ, பலாசம் பூ, புங்கம் விதை முதலாக நம் நாட்டார் நித்தியம் காண்பவற்றையே ஆராய்ச்சிப் பொருள்களாகக் கொண்டார். அவற்றிலுள்ள நிறப்பொருளைச் சாராயத்தில் வடித்தெடுத்து, பளிங்காக்கித் தூய்மை செய்து, பகுத்து அமைப்பை ஊகித்து, அவ்வூகம் மெய்யாவென்று அறிய அதே பொருளைச் செயற்கையாக ஆக்கிப் பார்ப்பது அவர் முறை. ஒரு மூலிகையில் இன்ன பொருள் உளதென்று நிச்சயமான பின்னரே, அது உடலில் என் செய்யும், எவ்வளவு கொடுக்கலாம் என்று மருந்தியலார் ஆராய இயலும். ஆதலின் இவரது உழைப்பு மருந்தியலுக்கு அஸ்திவாரம் போன்றது. யுத்த காலத்தில், 1942-ல் ஸர்வகலாசாலை குண்டூருக்கு மாற நேர்ந்தபோதும் அப்பணி அழிந்துபடவில்லை. 1949 முதல் 1965 வரை டில்லி ஸர்வகலாசாலையிலும் அதனையே தொடர்ந்தார். 1960-ல் லண்டன் ராயல் ஸொஸைட்டி அவரை அங்கத்தினராகத் தேர்ந்தது. 1963-ல் பத்மபூஷண் விருது கிட்டிற்று. 1975-ம் வருஷம் ஸெப்டம்பர் 27-ந் தேதி காலமானார்.

அவர் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகள் 1000-க்கு மேற்பட்டவை. இவ்வெண்ணைக் கேட்டு வியப்போர் மற்றோர் எண்ணையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். அவரிடம் பயின்று டாக்டர் பட்டம் பெற்ற மாணாக்கர் ஏறக்குறைய 160 பேர். கட்டுரைகளிற் பெரும்பாலானவை மாணாக்கர் பெயரும் அவர் பெயரும் சேர்ந்தே வந்தவை. ஒவ்வொன்றும் ஓர் இளைஞனுக்குக் கைத்தொழில் பழக்கிய ஏடு என்றே நாம் கொள்கிறோம்.

இக்காலத்திலோ ஒருவர் கட்டுரையைப் பிறர் எத்தனை முறை மேற்கோளாக எடுத்தாண்டனர் என்று எண்ணி, அதனாலேயே அறிஞரை நிறுக்கின்றனர். பிலடெல்பியாவில் யூஜீன் கார்பீல்ட் 1964-ல் வெளியிட்ட மேற்கோள் அட்டவணை இவ்வழக்கத்திற்கு வழிகோலிற்று. அவ்வட்டவணை ஆராய்ச்சியாளருக்கு உபயோகமானதே. ஆயினும் புகழ்ந்து எடுத்தாண்டதும் பிழையென்று மறுத்ததும் அதன் கணக்கில் ஒன்றே. பாடப்புத்தகத்தில் ஏறிவிட்ட உண்மையைப் பலரும் கண்டவர் பெயரைச் சொல்லாமலே கையாள்வர். அது கணக்கில் ஏறாது. ஓர் ஆசான் ஆளாக்கிய மனிதரையோ அது எண்ணவே அறியாது.

நம் பிள்ளைகளின் மார்க்குகளையும், நம்மவர் பெற்ற பட்டங்களையும் எண்ணி மகிழும் நாமும் இதைச் சிந்தித்தல் தகும். பெரியார் ஒருவரை நம்மவர் என்று பாராட்டுவது எளிது; உதவி வேண்டி நிற்கும் மாணவனைத் தக்க பருவத்தில் தாங்குவதே அரிது. உபாத்தியாயர் மகன் ஒருவனுக்கு, குலம் கோத்திரம் கடந்த ஒரு தர்ம ஸ்தாபனம் செய்த உதவி, 160 ஆராய்ச்சியாளராய்ப் பெருகிற்று. அத்தகைய மாணவன் இன்றும் நம் தெருவில் இருக்கக்கூடும். அங்கத்தினர் ஒவ்வொருவரும் அவனைத் தேடியறிந்து உதவுவாராக.