தலைக்குள்ளே பார்த்த விவசாயி மகன்



போன வருஷம் எங்க அப்பத்தாவுக்குத் தீராத தலைவலி, வாந்தி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, மூளையில் கட்டி என்றார்கள். அதனால்தான் சி.டி. ஸ்கேனைக் கண்டுபிடித்தவரைப் பற்றி எழுதுகிறேன்.

அவர் பெயர் காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு. 1919 ஆகஸ்ட் 28-ல் இங்கிலாந்தில் பிறந்தார். அப்பா விவசாயி. ஐந்து பிள்ளைகளில் இவர்தான் கடைக்குட்டி. சின்ன வயசில் வைக்கோல் போர் மேல் ஏறி, தானே செய்த கிளைடரோடு குதிப்பாராம்! பள்ளியில் கணக்கும் இயற்பியலும்தான் பிடிக்கும். இரண்டாம் உலகப் போரில் விமானப் படையில் சேர்ந்து ரேடார் பற்றிக் கற்றார். பிறகு இ.எம்.ஐ. கம்பெனியில் கம்ப்யூட்டர் செய்தார்.

சாதாரண எக்ஸ்ரேயில் மண்டை ஓடு தெரியும், மூளை தெரியாது. பல பக்கமிருந்தும் எக்ஸ்ரே எடுத்து, கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டால் உள்ளே இருப்பது தெரியுமே என்று 1967-ல் யோசித்தார். முதல் சோதனையில் ஒரு படம் எடுக்க 9 நாள் ஆனது. ஆனாலும் விடவில்லை. மாட்டு மூளையை வாங்கி வந்து சோதித்தார். 1971 அக்டோபர் 1-ல் லண்டனில் ஒரு பெண்ணின் தலையைப் படம் எடுத்தார்கள். மூளையில் கட்டி தெளிவாகத் தெரிந்தது.

ஸ்கேன் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000. அந்த அளவுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். கட்டியைச் சுற்றி நீர் கோத்து வீங்கினால், அங்கே எண் குறைந்து கறுப்பாகத் தெரியும்.

அப்பத்தாவுக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். நாலே நாளில் தலைவலி போச்சு, நல்லாப் பசிச்சது. ஆபரேஷன் வேண்டாம், வீட்டுக்குப் போகலாம்னு ஒரே பிடிவாதம். எங்களுக்கும் அதே ஆசைதான். ஒரு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன். டாக்டர் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து அளந்து காட்டினார். சுற்றியிருந்த கறுப்பு சுருங்கியிருந்தது. நடுவில் கட்டி அப்படியே இருந்தது! மாத்திரை வீக்கத்தைத்தான் குறைத்தது, கட்டியை இல்லை என்றார். அதைப் பார்த்த பிறகுதான் அப்பத்தா சம்மதிச்சாங்க. இப்போ திண்ணையில் உட்கார்ந்து என்னைத் திட்டுறாங்க!

ஹவுன்ஸ்ஃபீல்டு மருத்துவம் படித்தவர் இல்லை. ஆனாலும் 1979-ல் ஆலன் கார்மக்கோடு சேர்ந்து மருத்துவ நோபல் பரிசு பெற்றார். 2004 ஆகஸ்ட் 12-ல் மறைந்தார்.

கணக்குப் படிச்சு என்ன ஆகப்போகுதுன்னு நானும் கேட்டிருக்கிறேன். இனிமேல் கேட்க மாட்டேன்.

– 9-ஆம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி