மேஜர் கணித்த அட்டவணை

திண்டுக்கல் சந்தைக்குச் சின்ன வெங்காயம் கொண்டுவரும் என் தந்தையார் பள்ளிக்கூடம் பார்த்தவரல்லர். ஆயினும் புதுத் தராசைக் கண்டால், எடை தெரிந்த கல்லொன்றை வைத்துப் பார்த்த பின்னரே மூட்டையை ஏற்றுவார். எங்கள் புள்ளியியல் ஆய்வகத்திலும் இதே வழக்கந்தான். விடை முன்பே தெரிந்த தரவுகளைக் கொடுத்துச் சோதித்த பிறகே கணினி மென்பொருளை நம்புகிறோம். கணித மேதை இராமானுஜன் வாழ்விலும் இத்தகைய சோதனை இருமுறை நிகழ்ந்தது.

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அவர், நம்மைப் போலவே அரசுக் கல்லூரியில் பயின்றவர். கணக்கிலேயே மூழ்கி, மற்றப் பாடங்களில் தவறி, உதவித்தொகையை இழந்தார். பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தரானார்.

பட்டமில்லாத அந்த எழுத்தர் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். பகா எண்களின் எண்ணிக்கை பற்றியும் அதில் சொல்லியிருந்தார். அவருடைய சூத்திரம் அன்றிருந்த அட்டவணைகளோடு நன்கு பொருந்தியது. ஆனால் பிழை சிறிதாகவே இருக்கும் என்ற அவரது முடிவு தவறு. அட்டவணைகள் எட்டாத பேரெண்களில் அது எல்லை மீறும். நிரூபணம் இல்லாத பொருத்தம் மேதையையும் ஏமாற்றிவிட்டது!

1914-ல் கப்பலேறினார். அங்கே ஹார்டியுடன் எடுத்துக்கொண்டது எண்பிரிவினைக் கணக்கு. 4-ஐ 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என 5 வழிகளில் பிரிக்கலாம். 200-ஐ எத்தனை வழிகளில்? பீரங்கிப் படையில் பணியாற்றிய மேஜர் மக்மகான் 200 வரை கையாலேயே கணித்து அட்டவணை தந்தார். விடை 39,72,99,90,29,388. இருவரின் சூத்திரத்தில் எட்டு உறுப்புகளைக் கூட்டியபோது அதே எண் வந்தது, மிஞ்சியது 0.004 மட்டுமே!

இதை வீட்டில் சொன்னபோது, அந்தக் கல்லை யார் நிறுத்துப் பார்த்தார்கள் என்று தந்தையார் கேட்டார். நல்ல கேள்வி. மக்மகான் கணித்தது ஆய்லர் காட்டிய முற்றிலும் வேறான வழியில். ஆகவேதான் அந்தப் பொருத்தத்திற்கு மதிப்பு. அதோடும் அவர்கள் நிற்கவில்லை. தோராயம் என்று தொடங்கிய சூத்திரம் இவ்வளவு துல்லியமாக வருவது கண்டு வியந்து, அது சரியான முழு எண்ணையே தரும்படி திருத்தி, நிரூபணத்தோடு 1918-ல் வெளியிட்டனர்.

அவ்வாண்டே இராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1919-ல் நோயுடன் தாயகம் திரும்பினார். படுக்கையிலும் கணக்கு எழுதினார். 1920 ஏப்ரல் 26-ல் சென்னையில் மறைந்தபோது அவருக்கு வயது 32.