சரபோஜி மன்னரும் தன்வந்திரி மகாலும்

தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னருள் இரண்டாம் சரபோஜியைச் சரசுவதி மகால் நூல்நிலையத்தின் பொருட்டு யாவரும் அறிவர். அவர் வைத்திய சாஸ்திரத்திற்குச் செய்த தொண்டை அறிந்தோர் சிலரே. அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1777-ஆம் ஆண்டிற் பிறந்தவர். 1787-ல் துளஜா மன்னர் இவரைச் சுவீகாரம் செய்து, சுவார்ட்ஸ் ஐயரிடம் ஒப்புவித்து, அவ்வாண்டிலேயே காலஞ்சென்றார். அரசைக் கைக்கொண்ட அமர்சிங்கால் இளவரசர்க்கு இன்னல் பல நேர்ந்தன. ஆதலின் 1793-ல் அவர் சென்னை சேர்ந்து, கெரிக்கே என்னும் போதகரிடம் கல்வி பயின்றார். 1798-ல் முடிசூடினார். மறு ஆண்டே உடன்படிக்கையொன்றால் காவிரிநாட்டின் ஆட்சி கும்பினியார் கைப்பட்டது. கோட்டையும் அதன் சூழலுமே மன்னர்க்கு எஞ்சின.

நாடிழந்த மன்னர் வாளா இருந்தாரல்லர். தன்வந்திரி மகாலை நிறுவி, நம் நாட்டு முறைகளிலும் ஐரோப்பிய முறையிலும் வல்ல வைத்தியரை ஒருங்கு கூட்டினார். ஆங்கு மூலிகைகள் ஆராயப்பட்டன. மக்கட்கேயன்றி விலங்குகட்கும் மருந்துகள் செய்யப்பட்டன. கண்ணோயாளரின் குறிப்புகள் கண்ணின் படங்களோடு எழுதிவைக்கப்பட்டன. பயன்கண்ட முறைகள் தமிழ்ச் செய்யுளாக்கப்பெற்றுச் சரபேந்திர வைத்திய முறைகள் எனப் பெயர்பெற்றன.

மனிதர்க்கும் விலங்கிற்கும் மருந்தைத் தனித்தனியே ஆராய்தல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இதய மருந்துகளே சான்றாம். மன்னர் சிறுவராயிருந்த 1785-ல், வில்லியம் விதரிங் என்னும் ஆங்கில வைத்தியர் டிஜிடாலிஸ் மூலிகையைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். அம்மருந்து தளர்ந்த இதயத்தசையை வலிவுறச் சுருங்கச் செய்வது. அளவு மிகின் உயிரை மாய்ப்பது. நம் நந்தவனங்களிற் பூக்கும் அரளியின் நஞ்சும் இவ்வினத்ததே. அதனைத் தின்ற ஆடுமாடுகள் மடிதல் உழவர் அறிந்தது. ஆயினும், பூனையைக் கொல்லும் அளவு டிஜிடாலிஸை எலி எளிதில் தாங்கும். இதயத்தசையின் உயிரணுக்களில் உப்புச்சத்தை வெளியேற்றும் புரதம் ஒன்றுண்டு. மருந்து அதனைப் பற்றியே வேலை செய்கிறது. எலியினிடத்து அப்பிடி மிகத் தளர்வானது. எனவே, எலிக்குத் தீங்கற்றதென்று கண்ட அளவை மனிதர்க்கு அளித்தல் கொலையாய் முடியும். இந்நுட்பம் மன்னர் காலத்திற்கு நெடுநாட் பின்னரே வெளியாயிற்று.

மன்னர் 1832-ல் விண்ணுலகெய்தினார். அவர் தொகுத்த ஏடுகள் தஞ்சையில் இன்றும் உள்ளன. உயிர்நூலும் மருத்துவமும் பயிலும் மாணவர், நேரிற் சென்று அவற்றைக் காண்பாராக. மருந்தைக் கொடுக்குமுன் ஆராய்ந்தறிதலும், அறிந்ததைப் பின்வருவார்க்கு எழுதிவைத்தலும் ஆகிய இரண்டும் அவ்வேடுகளால் நாம் பெறும் பாடமாம்.